கொள்முதல் தர்மம்

கதை எழுதுகிறவனுக்குக் குப்பை விஷயத்தில் என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் எஞ்சினீயர். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டங்களில் அவருக்கு அபார நம்பிக்கை.

"குப்பையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கத் தெரியும். உங்கள் திட்டங்கள் கடைத்தெருவிலேயே தோற்றுவிடுகின்றன. உலை வரைக்கும் போகவே வேண்டாம்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று அரைகுறையாக நின்றுபோன பதிலை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

1987-ல் டில்லியில் திமார்பூர் என்ற இடத்தில் ஓர் எரிஉலை கட்டினார்கள். கட்டிக் கொடுத்தது டென்மார்க் தேசத்துக் கம்பெனி. நாளைக்கு 300 டன் குப்பையைத் தின்று 3.75 மெகாவாட் மின்சாரம் தரும் என்றார்கள். செலவு சுமார் 20 கோடி ரூபாய். அந்த நாளைய இருபது கோடி! உலை 21 நாள் சோதனையாக ஓடியது. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான்.

காரணம் என்ன? யந்திரத்தில் கோளாறு இல்லை. கிலோவுக்கு 1,400 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் குப்பை வரும் என்று நம்பி உலையைச் செய்திருந்தார்கள். டில்லிக் குப்பை கொடுத்ததோ அதில் பாதி. இதில் அதிசயப்பட ஒன்றுமே இல்லை. நம் நாட்டில் பழைய காகிதத்தை யாராவது தெருவில் எறிகிறார்களா? எடைக்குப் போடுகிறோம். பாட்டிலும் தகரமும் அப்படியே. அதற்கும் தப்பி வந்ததைக் குப்பை பொறுக்கும் ஏழைகள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மிஞ்சுவது காய்கறித் தோல், ஊசிப்போன சோறு, தெருமண், சாம்பல். ஈரச்சாணியை அடுப்பில் வைத்து ஊதுகிற கதைதான்.

என் தாயார் அரிசி வாங்குகிற அழகை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மூட்டையின் மேல்வாயில் இருப்பதைத் தொடவே மாட்டார். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் பரப்பி ஊதுவார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். கடுக்கென்று உடைந்தால் சரி; மெத்தென்று நசுங்கினால் ஈரம். "அம்மா, என்னை நம்பி வாங்குங்க" என்று கடைக்காரர் சொன்னால், "நம்புகிறேன், அதனால்தான் கடித்துப் பார்க்கிறேன்" என்பார். ஒரு படி அரிசிக்கு இவ்வளவு பரீட்சை. இருபது கோடி ரூபாய் உலைக்கு யாராவது ஒரு கூடை குப்பையை ஒழுங்காகக் கடித்துப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் அந்த இருபத்தொரு நாள் வேடிக்கைக்கு அவசியமே இருந்திராது.

"அது பழங்கதை. இப்போது குப்பையில் பிளாஸ்டிக் கூடிவிட்டது. நன்றாக எரிகிறது" என்கிறார் நண்பர்.

வாஸ்தவம். நன்றாக எரிகிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிளாஸ்டிக்கில் குளோரின் கலந்த ரகங்கள் உண்டு. அவை அரைகுறைச் சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற விஷம் பிறக்கிறது. அது கொழுப்பில் தங்கும். பசுவின் பாலில் சேரும். தாயின் பாலிலும் சேரும். ஒரு கன மீட்டர் புகையில் 0.1 நானோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டம் செய்தார்கள். 2016-ல் நம் சர்க்கார் வெளியிட்ட விதிகளிலும் அதே அளவுதான். ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு! சட்டம் எழுதுகிற சாமர்த்தியத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

இந்த அளவுக்குள் நிற்க என்ன செய்யவேண்டும்? எரியும் வாயு 850 டிகிரிச் சூட்டில் இரண்டு விநாடியாவது இருக்கவேண்டும். பிறகு அதில் சுண்ணாம்பும், விஷத்தை உறிஞ்சும் விசேஷக் கரித்தூளும் தூவவேண்டும். கடைசியில் துணிப்பை வடிகட்டிகள் வழியாகப் புகை போகவேண்டும். சுண்ணாம்பு, கரி, பை ஆகிய மூன்றும் யாரோ விற்று யாரோ வாங்கும் சரக்குகள். தினம் தீரும் சரக்குகள். கண்ட்ராக்டர் கரியைக் கொஞ்சம் குறைத்தால் என்ன ஆகும்? புகையின் நிறம் மாறாது. வாசனை மாறாது. மின்சாரம் ஒரு யூனிட் குறையாது. டையாக்சினை மணிக்கு மணி அளப்பதும் இல்லை. என்றோ ஒரு நாள் மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். மற்ற நாட்களில் அந்தக் கம்பெனியின் மனச்சாட்சியே அளவுகோல். அந்த மனச்சாட்சியைத்தான் நாம் மிகக் குறைந்த விலைக்கு டெண்டர் விட்டு வாங்குகிறோம்!

டில்லியில் ஓக்லா என்ற இடத்தில் 2012-ல் இன்னோர் உலை ஓட ஆரம்பித்தது. சுற்றிலும் வீடுகள். ஜனங்கள் வழக்காடினார்கள். 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்து, உலை தொடர்ந்து ஓடலாம் என்றது. பிள்ளைகளின் மூச்சுக்கு விலை போட்டாகிவிட்டது, வியாபாரம் நடக்கலாம்.

டெண்டர் பத்திரங்களில் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். கம்பெனியின் வருஷ வருமானம் எவ்வளவு? முன்பணம் கட்டினாயா? யார் குறைந்த விலை? பெரும்பாலும் இவைதாம். பெண் கொடுக்கிறவன்கூட மாப்பிள்ளையின் சம்பளத்தோடு குணத்தையும் நாலு இடத்தில் விசாரிக்கிறான். நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. ஐப்பசி அடைமழையில் நனைந்த குப்பையையும் சேர்த்து, வருஷம் முழுதும் சோதித்த பிறகுதான் உலைக்கு ஆர்டரா? கரியும் சுண்ணாம்பும் வாங்கிய ரசீதுகளை மாதாமாதம் வாசல் பலகையில் ஒட்டுவாயா? வடிகட்டியில் தங்கும் விஷச் சாம்பலை யார் லாரியில், எந்தக் குழிக்கு அனுப்புகிறாய்? குப்பையைத் தரம் பிரிக்கும் பெண்கள் யாருடைய ஆட்கள்? கண்ட்ராக்டருக்குக் கீழே உள்ள கண்ட்ராக்டருக்குக் கீழே உள்ளவன் அவர்களுக்குக் கையுறை கொடுக்கிறானா, கூலி கொடுக்கிறானா? இவற்றுக்குப் பதில் சொல்லாதவன் இலவசமாக உலை கட்டித் தந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. தினம் இத்தனை டன் குப்பை தருகிறோம் என்று இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு ஊர் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டுவிட்டால், குப்பையைக் குறைப்பதே ஒப்பந்த மீறல் ஆகிவிடும். ஊரே உலைக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தது போல.

நண்பர் விடவில்லை. கோபன்ஹேகன் நகரத்து உலையின் படத்தைக் காட்டினார். 2017-ல் ஓட ஆரம்பித்த உலை. அதன் கூரைமேல் 2019 முதல் ஜனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உலை ஐந்து நகரசபைகளின் சொந்தச் சொத்து. புகையை விடுகிறவரும் சுவாசிக்கிறவரும் ஒரே ஊர்க்காரர். அப்படியும் உலை பெரிதாகிவிட்டது. அதன் வயிற்றை நிரப்ப வெளிநாட்டுக் குப்பையை வரவழைத்தார்கள். அதே டென்மார்க் தேசம் 2020-ல், எரிக்கும் சக்தியை 30 சதவீதம் குறைப்பது என்று முடிவு செய்தது. நமக்கு உலை விற்றவர்களே தங்கள் வீட்டில் அடுப்பைத் தணிக்கிறார்கள். நாம் படத்தை வைத்துக்கொண்டு பரவசப்படுகிறோம்.

சென்னையில் கொடுங்கையூருக்கு ஓர் உலை வரப்போகிறது என்று தெரிந்து, 2025 மே மாதத்தில் வடசென்னை ஜனங்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஊர்க் குப்பையைப் பல வருஷங்களாகச் சுமந்தவர்கள், இனி புகையையும் சுமக்கமாட்டோம் என்றார்கள். தெற்கே சிலர் முகம் சுளித்தார்கள். முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டையாம்!

முகம் சுளித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வியாபாரத்தில் உலைக்காரன் வாங்குகிறவன். அவனுக்குச் சரக்குக் கொடுப்பவர் யார்? நாம்தான். நீங்களும் நானும். சாம்பார் வடியும் இலையையும், பால் கவரையும், தீர்ந்துபோன பாட்டரியையும் ஒரே பையில் முடிச்சுப் போட்டு வாசலில் வைக்கிற நாம்தான் இந்தத் தொழிலின் முதல் வியாபாரிகள். கலப்படச் சரக்கு விற்கிற வியாபாரிகள். அரிசியில் கல் கலந்தவனைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை?

இதை எழுதுகிறவன் உத்தமன் என்று எண்ணிவிடாதீர்கள். சென்ற மாதம் வரை என் வீட்டிலும் ஒரே வாளிதான். நண்பரோடு சண்டை போட்டுவிட்டு வந்த அன்று, வாளியைத் திறந்து பார்த்தேன். என் தாயார் இருந்தால் அந்தச் சரக்கை ஒரு பார்வை பார்த்து, "கடையை மாற்று" என்றிருப்பார். மறுநாள் இன்னும் இரண்டு வாளி வாங்கினேன்.

என் சரக்கு சுத்தம். இப்போது உலைக்காரனின் கரி ரசீதைக் கேட்க எனக்கு உரிமை வந்துவிட்டது. கேட்கப் போகிறேன். நண்பர் கோபித்துக்கொள்ளட்டும்.