ஓடிபி யார் கைபேசிக்கு வருகிறது?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. அதுவரை பெட்டியும் பையுமாகக் குடும்பத்தோடு கிண்டிக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், பயணம் மிச்சமானதே தவிர, முடிவெடுக்கும் ஆள் மாறவில்லை. பல வீடுகளில் விண்ணப்பத்தில் தரப்படுவது அப்பாவின் கைபேசி எண். ஓடிபி அவருக்குத்தான் வரும். எந்தக் கல்லூரி முதலில், எந்தப் பாடப்பிரிவு அடுத்து என்ற பட்டியலை அவரோ, விவரம் தெரிந்த சித்தப்பாவோ, பிரவுசிங் சென்டர்காரரோ வரிசைப்படுத்துவார்கள். அந்தப் படிப்பை நான்கு ஆண்டுகள் படிக்கப்போகிற பதினேழு வயதுப் பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது விலை உயர்ந்த பைக்கும், கேட்டதும் கிடைக்கும் பணமும்தான். என் கணக்கில் அவை சில்லறைக் குற்றங்கள். கை நிறையச் செலவழித்துப் பழகிய பையன், சொந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டத் தொடங்கியதும் தானாகவே அடங்குவதைப் பார்க்கிறோம். "நீ படிக்கிறதை மட்டும் பாரு, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று பிள்ளைக்காகப் பெற்றோரே முடிவெடுத்து, அதன் பலாபலனையும் பெற்றோரே சுமக்கிற செல்லம் அப்படி எளிதில் தீர்வதில்லை. இருபத்தைந்து வயதில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதிலிருந்து, முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரரிடம் பேசுவது வரை எல்லாவற்றுக்கும் ஊருக்கு ஃபோன் போகிறது.

அமெரிக்காவில் 297 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2014-இல் வெளியானது. பெற்றோர் தங்கள் விஷயங்களில் மிகையாகத் தலையிடுவதாகச் சொன்ன மாணவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகவும் வாழ்க்கையில் நிறைவு குறைவாகவும் இருந்தன. 'என் வாழ்க்கை என் கையில் இருக்கிறது', 'என்னால் முடியும்' என்ற இரண்டு உணர்வுகளும் குன்றிப்போவதே இதற்குப் பெரிதும் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளை ஏற்கெனவே சோர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் பெற்றோர் கூடுதலாகத் தலையிட்டார்களோ என்னவோ, ஒரே ஒருமுறை கேட்ட கேள்விகளால் அதைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும், நீச்சல் தெரியாதவனைக் கரையிலேயே வைத்திருந்தால் நீச்சல் வராது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

பிள்ளைகள் வீட்டோடு இருப்பதற்குச் செல்லமா காரணம், வாடகையும் வேலையின்மையும் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2022-இல் ஐரோப்பாவில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறிய சராசரி வயது பின்லாந்தில் 21.3, குரோஷியாவில் 33.4. பின்லாந்துத் தாய்மார்களுக்குப் பாசம் குறைவு என்று இதற்குப் பொருளில்லை. அங்கே மாணவர்களுக்கு அரசே படிப்புதவித் தொகையும் வீட்டு வாடகைக்கு உதவியும் தருகிறது. இத்தாலியில் 2007-இல் ஒரு நிதியமைச்சர், வீட்டை விட்டுக் கிளம்பாத இளைஞர்களை 'வளர்ந்த குழந்தைகள்' என்று கேலி செய்து, நல்ல வேலையும் கட்டுப்படியாகும் வாடகையும் எங்கே என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆகவே, ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தக் கூரைக்குக் கீழே முப்பது வயது மகனுக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே கூட்டுக் குடும்பத்தை வாதத்துக்கு இழுப்பார்கள். தாத்தா காலத்தில் எல்லோரும் ஒன்றாகத்தானே இருந்தார்கள், கெட்டா போனார்கள்? அந்த வீடுகளிலும் கடைசிச் சொல் பெரியவருடையதுதான். அதை மறைக்க வேண்டாம். ஆனால், இருபது வயதுப் பையன் கடையைத் திறந்தான், வயலுக்குத் தண்ணீர் கட்டினான், தங்கை கல்யாணத்துக்கு அலைந்தான். இன்றைய சிறு குடும்பம் அந்தக் கீழ்ப்படிதலை அப்படியே வைத்துக்கொண்டு வேலையை மட்டும் எடுத்துவிட்டது. அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வளர்ந்தவனின் செல்லத்தை, பிறகு இன்னொரு வீட்டுப் பெண் தொடர வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைக்கு வேலை வருகிறது, முடிவு வருவதில்லை. அவளுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதும் இதே கதையின் மறுபக்கம்தான்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் குடும்பத்தில் பிள்ளை தப்பான முடிவெடுத்தால் யார் தாங்குவது? வசதியான வீட்டுக்கு ஓராண்டு வீணாவது ஓராண்டுதான். இவர்களுக்கு அது வட்டி. இந்தப் பயத்தைப் பாசப் பைத்தியம் என்று ஒதுக்குவது அக்கிரமம். ஆனால், பெரிய தவறுகளைத் தாங்க முடியாத வீட்டுக்குத்தான் சின்னத் தவறுகளில் பழக்கம் கூடுதலாகத் தேவை. பதிமூன்று வயதில் நூறு ரூபாயை வீணடித்துத் தெரிந்துகொள்ளாததை, இருபத்து மூன்று வயதில் கடன் செயலியில் விழுந்து தெரிந்துகொள்ள நேர்கிறது.

சட்டம் இதில் பெற்றோரைவிடத் துணிச்சலாக இருக்கிறது. பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலேயே சொன்னது. 2025-இல் விதிகளைச் சீராக்கியபோதும் அதை உறுதி செய்தது. தொகைக்கு உச்ச வரம்பு வைப்பது வங்கியின் விருப்பம். கணக்கு தொடங்கும் வீடுகளிலும் அட்டை அப்பாவின் பர்ஸில்தான் இருக்கும், ரகசிய எண் அம்மாவுக்குத்தான் தெரியும். அதைப் பிள்ளையிடமே கொடுத்து, மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டு, பதினைந்தாம் தேதியே பணம் தீர்ந்துபோனாலும் அடுத்த மாதம் முதல் தேதி வரை ஒன்றும் கேட்காமல், ஒன்றும் கொடுக்காமல் இருந்து பார்க்கலாம். அந்தப் பதினைந்து நாளும் பிள்ளையைவிடப் பெற்றோருக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.