பந்து வராத எட்டுப் பேர்

பேஸ்பால் மேட்ச் பார்க்கும்போது உங்க கண்ணு எங்கே போகும்? பந்து போற இடத்துக்குத்தான். கேமராவும் அங்கேதான் போகும். அதுல தப்பே இல்லை. ஆனா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஃபீல்டிங் டீமில் ஒன்பது பேர். எந்த நொடியிலும் பந்து ஒருத்தர் கிட்டதான் இருக்கும். அப்போ மீதி எட்டுப் பேர் என்ன பண்ணிட்டு இருக்காங்க?

ஒரு டீம் நல்ல டீமா இல்லையான்னு தெரியணும்னா அந்த எட்டுப் பேரைப் பாருங்க என்பதுதான் என் கட்சி. ஃபீல்டிங் சொல்லித்தர்ற கோச், பந்தைப் பிடிக்கவும் எறியவும் எவ்வளவு நேரம் ஒதுக்குறாரோ, அதே அளவு நேரத்தை "பந்து உன் கிட்ட வரலைன்னா நீ எங்கே ஓடணும்" என்பதற்கும் ஒதுக்கணும். முடிஞ்சா அதைத்தான் முதலில் சொல்லித்தரணும்.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகினவங்களுக்காக ரெண்டு விஷயம். பேட்டர் அடிச்ச பந்து தரையில் உருண்டால், அவர் 90 அடி ஓடி ஃபர்ஸ்ட் பேஸைத் தொடணும். அதுக்கு முன்னாடி யாராவது ஒரு ஃபீல்டர் கையில் பந்தோட அந்த பேஸை மிதிச்சுட்டா அவுட். இப்படி மிதிக்க ஆள் போய் நிக்கிறதுக்குப் பேர்தான் பேஸை கவர் பண்றது. த்ரோ தவறிப் போனா தடுக்கறதுக்காகப் பின்னாடி இன்னொருத்தர் ஓடி நிக்கிறது பேக்கப். ஸ்டம்ப்பை நோக்கி வர்ற த்ரோவுக்கு எதிர்ப் பக்கம் ஆள் நிக்கலைன்னா ஓவர்த்ரோவில் ரன் போகுமே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், பேஸ்பாலில் காக்க வேண்டிய இடம் நாலு. மூணு பேஸும் ஹோம் பிளேட்டும்.

இப்போ 2024 அக்டோபர் 30-க்குப் போவோம். யாங்கி ஸ்டேடியம், வேர்ல்ட் சீரிஸின் 5-வது ஆட்டம். தொடரில் டாட்ஜர்ஸ் 3-1 என முன்னிலை. யாங்கீஸ் தோற்றால் கதை முடிஞ்சது. ஆனா அன்னைக்கு யாங்கீஸ் 5-0 என்று முன்னாடி இருந்தாங்க. பிட்சர் கெரிட் கோல் முதல் நாலு இன்னிங்ஸில் ஒரு ஹிட் கூடக் கொடுக்கலை.

ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு ஹிட். அடுத்து சென்டர் ஃபீல்டில் ஏரன் ஜட்ஜ் ஒரு லட்டு கேட்சை விட்டார். அதுக்கடுத்து ஷார்ட்ஸ்டாப் ஆந்தனி வோல்பி தேர்ட் பேஸுக்கு எறிஞ்ச த்ரோ சரியா போய்ச் சேரலை. மூணு பேஸிலும் ரன்னர்கள், அவுட் பூஜ்யம். அப்பவும் கோல் அசரலை. அடுத்த ரெண்டு பேரையும் ஸ்டிரைக் அவுட் பண்ணினார். அதில் ஒருத்தர் ஷோஹெய் ஒட்டானி. இன்னும் ஒரே ஒரு அவுட் போதும்.

மூக்கி பெட்ஸ் அடிச்ச பந்து மெதுவா உருண்டு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் போச்சு. ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஆந்தனி ரிஸ்ஸோ அதைப் பிடிக்கத் தன் பேஸை விட்டு விலகி வந்திருந்தார். பிட்சர் ஓடிப்போய் பேஸை கவர் பண்ணணும். கோல் முதல்ல பந்தை நோக்கி ரெண்டு மூணு எட்டு வைத்தார், அப்புறம் நின்னுட்டார். ரிஸ்ஸோ கையில் பந்து இருக்கு, பேஸில் ஆள் இல்லை. பெட்ஸ் முந்திட்டார். ஒரு ரன். அதோட நிக்கலை. ஃப்ரெடி ஃப்ரீமன், டியாஸ்கர் ஹெர்னாண்டஸ் ஆளுக்கு ரெண்டு ரன் கொண்டுவந்தாங்க. 5-5. கடைசியில் டாட்ஜர்ஸ் 7-6 என ஜெயித்து கோப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

இனிதான் விஷயமே. அன்னைக்கு ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தீங்கன்னா ஜட்ஜுக்கு ஒரு எரர், வோல்பிக்கு ஒரு எரர். கோல் பெயரில் எரர் கிடையாது. பெட்ஸுக்கு ஒரு ஹிட் என்று எழுதியிருக்கும். ஸ்கோரர் தவறா எழுதலை, விதியே அப்படித்தான். யோசனையில் நடக்கிற பிசகை எரர் என்று போடக் கூடாது என்று மேஜர் லீக் விதிப் புத்தகம் சொல்லுது. அதுக்கு அந்தப் புத்தகம் கொடுக்கிற உதாரணமே, தரையில் உருளும் பந்தை ஃபர்ஸ்ட் பேஸ்மேன் எடுக்கும்போது பிட்சர் பேஸை கவர் பண்ணாமல் விடுவதுதான்!

அதாவது கேட்ச் விட்டா கணக்கில் வரும். த்ரோ கெட்டா கணக்கில் வரும். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்னா கணக்கில் வராது. கணக்கில் வராததை யாரும் திட்டுவதில்லை. போய் நின்னவனை யாரும் பாராட்டுவதும் இல்லை. அதனால்தான் இதைத் தனியா உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கு.

"கோல் களைச்சுப் போயிருப்பார், மனுஷன்தானே" என்று நீங்க கேட்கலாம். நியாயம்தான். ஆனா தூரத்தைப் பாருங்க. பிட்சர் நிக்கிற இடத்திலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் சுமார் 64 அடி. பேட்டர் ஓட வேண்டியது 90 அடி. மேஜர் லீக் பேட்டருக்கு அதுக்கு நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேல ஆகும். பந்து மட்டையில் பட்ட உடனே கிளம்பினா பிட்சர் முந்திடுவார். பார்த்துட்டு, யோசிச்சுட்டுக் கிளம்பினா முந்த முடியாது. இங்கே கால் வேகத்தை விட, யோசிக்காமலே கிளம்பும் பழக்கம்தான் முக்கியம். பழக்கம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். மேஜர் லீக் டீம்கள் ஒவ்வொரு பிப்ரவரியும் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் கூடி, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குற பிட்சர்களை இந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட வைக்குது. அவங்களுக்கே அது தேவைன்னா, இப்பதான் க்ளவுஸ் மாட்டின பையனுக்கும் பொண்ணுக்கும்?

சரி, எதைச் சொல்லித்தரணும்? முதல் பாடம், சும்மா நிக்கிற ஆள் என்று யாருமே கிடையாது. ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வொரு ஃபீல்டரும் மூணு கேள்வி கேட்டுக்கணும். பந்து என்னுதா? இல்லைன்னா, காலியா கிடக்கிற பேஸ் என்னுதா? அதுவும் இல்லைன்னா, நான் யாருக்குப் பேக்கப்? மூணுக்கும் "இல்லை" என்று பதில் வந்தா நீங்க எதையோ கவனிக்கலைன்னு அர்த்தம்.

சில உதாரணங்கள். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியறார். ரைட் ஃபீல்டர் அந்த பேஸுக்குப் பின்பக்கம் ஓடி வரணும். பேஸில் வேற ரன்னர் இல்லைன்னா கேட்சரும் முகமூடியோட பேட்டர் கூடவே அந்தப் பக்கம் ஓடணும். செகண்ட் பேஸுக்குப் போற த்ரோவுக்கு சென்டர் ஃபீல்டர். தேர்ட் பேஸுக்குப் போற த்ரோவுக்கு லெஃப்ட் ஃபீல்டர். அவுட்ஃபீல்டிலிருந்து தேர்டுக்கோ ஹோமுக்கோ த்ரோ வருதுன்னா பிட்சர் மேட்டில் நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவில் கோட்டுக்கு வெளியே ஓடி, த்ரோ எங்கே போகுதுன்னு பார்த்து அதன் பின்னாடி போகணும்.

ரெண்டாவது பாடம், ஒருத்தர் நகர்ந்தா அவர் இடம் காலியாகும். ஃபர்ஸ்டில் ரன்னர் இருக்கும்போது பேட்டர் பந்தை மெதுவா தட்டி விடறார்னு வைங்க. அதுக்கு பன்ட் என்று பேர். ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பந்துக்காக முன்னாடி ஓடுவார். உடனே செகண்ட் பேஸ்மேன் ஃபர்ஸ்டுக்கு. ஷார்ட்ஸ்டாப் செகண்டுக்கு. தேர்ட் பேஸ்மேன் பந்தை எடுத்தா தேர்டுக்கு கேட்சர் ஓடணும். ஒரு கண்ணி அறுந்தாலும் ரன்னருக்கு இனாமா ஒரு பேஸ். அதனால் "உன் வேலை இது" என்று ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுச் சொன்னா போதாது. முழு வரைபடமும் எல்லார் தலையிலும் இருக்கணும்.

மூணாவது பாடம் நம்ம இன்ஜினியரிங் ஆட்களுக்கு உடனே பிடிபடும். பேக்கப் போறவர் எவ்வளவு தள்ளி நிக்கணும்? புதுசா ஆடறவங்க பேஸுக்கு ஒட்டியே போய் நிப்பாங்க. முன்னாடி இருக்கிறவர் கையைத் தாண்டின அதே பந்து, அதே வேகத்தில் இவரையும் தாண்டிடும். ஒரே காரணத்தால் ரெண்டும் சேர்ந்து ஃபெயில் ஆச்சுன்னா அது பேக்கப்பே இல்லை. சர்வரையும் அதன் பேக்கப்பையும் ஒரே பிளக்கில் சொருகி வச்ச மாதிரி. த்ரோ வர்ற அதே கோட்டில், ஆனா முடிஞ்ச வரைக்கும் பின்னாடி தள்ளி நின்னாதான் பந்தைப் பார்த்து நகர நேரம் கிடைக்கும்.

இதுக்கு எதிரா ஒரு வலுவான வாதம் இருக்கு. பெரும்பாலான த்ரோ சரியாத்தான் போகும். ரைட் ஃபீல்டர் ஓடுற ஓட்டத்தில் முக்கால்வாசி வீண். வீணான ஓட்டத்துக்குப் பதிலா த்ரோவையே நல்லா பழகினா என்ன?

கணக்கு போடுவோம். 20 த்ரோவில் ஒண்ணு கெடுதுன்னு வச்சுக்குங்க. கடுமையா பயிற்சி பண்ணி அதை 25-ல் ஒண்ணு ஆக்கலாம். பேக்கப் ஆள் சரியான இடத்தில் நின்னு, 10-ல் 9 தடவை பிடிச்சுட்டார்னா, முழுசா கோட்டை விடுவது 200-ல் ஒண்ணு ஆயிடும். இது கற்பனை எண்தான், ஆனா பெருக்கல் பொய் சொல்லாது. ஓடறதுக்குத் தனித் திறமையும் வேண்டாம். டீமிலேயே சுமாரா ஆடறவர் கூட முதல் நாளிலிருந்தே இதில் உலகத்தரம் ஆகலாம். கேட்சிங்கில் அப்படி யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனா அந்த 10-ல் 9 சும்மா வராது. ஹாஸ்டல் ஜெனரேட்டரில் டீசல் இல்லைங்கிறது எப்போ தெரியும்? கரண்ட் போன ராத்திரிதான். சோதிச்சுப் பார்க்காத பேக்கப் எல்லாம் அப்படித்தான். அதனால் பயிற்சியிலேயே சோதிக்கணும். நான் சொல்றது மூணு.

ஒண்ணு, பந்தே இல்லாமல் ஒரு கால் மணி நேரம். கோச் "ஃபர்ஸ்டில் ரன்னர், ரைட் ஃபீல்டில் ஹிட்" என்று கத்தணும். ஒன்பது பேரும் ஓடி நிக்கணும். விசில் அடிச்சதும் அப்படியே உறையணும். யார் எங்கே இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். பந்து இருந்தா எல்லாரும் அதையே பார்ப்பாங்க, அதான் வேண்டாம்கிறேன்.

ரெண்டு, வேணும்னே த்ரோவைக் கெடுக்கணும். அஞ்சு த்ரோவில் ஒண்ணைத் தலைக்கு மேலே எறியச் சொல்லுங்க, எதுன்னு முன்கூட்டிச் சொல்லாதீங்க. சாஃப்ட்வேரில் வேணும்னே பிழையை நுழைச்சு சோதிக்கிறோமே, அதே வேலை.

மூணு, எண்ணணும். வெளியே உட்கார்ந்திருக்கும் சப்ஸ்டிட்யூட் கையில் ஒரு நோட்டு. பேக்கப் இடத்துக்குப் போனா ஒரு டிக், போகலைன்னா ஒரு கோடு. விதிப் புத்தகம் எழுதாததை நாம எழுதுவோம். மேட்ச் முடிஞ்சதும் ஹிட் அடிச்சவர் பெயரோட அதிக டிக் வாங்கினவர் பெயரையும் வாசிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் எல்லாரும் ஓடுவாங்க.

இப்படிப் பழகினா என்ன கிடைக்கும் என்பதற்கும் ஒரு நாள் சாட்சி இருக்கு. 2001 அக்டோபர் 13, ஓக்லாண்ட். அஞ்சு ஆட்டத் தொடரில் யாங்கீஸ் முதல் ரெண்டையும் தோற்று வந்திருந்தாங்க. மூணாவதில் 1-0 முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் டெரன்ஸ் லாங் அடிச்ச பந்து ரைட் ஃபீல்ட் மூலைக்குப் போக, ஃபர்ஸ்டில் இருந்த ஜெரெமி ஜியாம்பி ஹோம் வரைக்கும் ஓடி வர்றார். ஷேன் ஸ்பென்சர் எறிஞ்ச த்ரோ, நடுவில் வாங்க வேண்டிய ரெண்டு பேர் தலைக்கும் மேலே போயிடுச்சு. ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடி வந்து, அந்தப் பந்தைப் பொறுக்கி, கேட்சர் ஹோர்ஹே போசாடாவுக்குப் பக்கவாட்டில் தட்டி விட்டார். ஜியாம்பி அவுட். அதே 1-0-ல் ஜெயித்து, தொடரையும் 3-2 என எடுத்தாங்க.

இன்னைக்கும் அந்த வீடியோவுக்குக் கீழே "ஜீனியஸ்" என்றுதான் எழுதுறாங்க. ஆனா அந்தச் சூழ்நிலையில் ஷார்ட்ஸ்டாப் அங்கே வர்றது பயிற்சியில் செய்து பார்த்த விஷயம் என்றுதான் ஜீட்டரே சொன்னார். தட்டி விட்ட விதம் அவர் திறமை. அங்கே வந்து நின்னது பாடம். திறமையை யாரும் சொல்லித்தர முடியாது. பாடத்தைச் சொல்லித்தரலாம்.

அதே யாங்கீஸ், அதே அக்டோபர், 23 வருஷ இடைவெளி. ஒருத்தர் போனார், ஒருத்தர் போகலை.

நம்ம பல்கலைக்கழகப் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் உண்டு. உங்க காலேஜ் டீமில் நீங்க இருந்தா, நாளைக்கே அந்த நோட்டைத் தொடங்குங்க. ஆடாதவங்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த தடவை மேட்ச் பார்க்கும்போது, ஷார்ட்ஸ்டாப் கையில் பந்து வந்ததும் கண்ணை ரைட் ஃபீல்டர் பக்கம் திருப்புங்க. யாரும் பார்க்காத நேரத்தில் அந்த ஆள் ஓடுறாரா இல்லையான்னு பாருங்க.