குழாயா? தாங்கியா?



வீட்டுக் கொல்லையிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் வானத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்ற ஆசை நம் வாலிபர்களிடம் வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால், அவர்களில் அநேகர் முதலில் செய்கின்ற காரியம் ஏமாறுவதேயாகும். பெட்டியின்மேல் "525 மடங்கு பெருக்கும்" என்று அச்சடித்திருந்தால் போதும், பணத்தைக் கொடுத்துவிடுகின்றார்கள். நானும் அப்படித்தான் ஒரு கடையில் 60 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை வாங்கினேன். அவ்வளவு சிறிய கண்ணாடி சுமார் 120 மடங்குக்குமேல் தாங்காது. அதற்குமேல் பெருகுவது மங்கல்தான். ஜோசியனைக் கேள்வி கேட்கின்ற நாம் கடைக்காரனை ஏன் கேட்கவில்லை என்று பிறகு வெட்கப்பட்டேன்.

நிற்க, படத்துக்கு முதலில் வேண்டியது குழாயல்ல, தாங்கியேயாகும். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நிமிஷத்துக்குக் கால் டிகிரி, அதாவது சந்திரனின் அகலத்தில் பாதி, நகருவதாகத் தெரிகின்றது. காமிரா சும்மா நின்றால் புள்ளி கோடாகிவிடும். ஆகவே, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்ற தாங்கி வேண்டும். அவ்வச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்பவேண்டும். அது சென்னையில் அடிவானத்துக்குமேல் 13 டிகிரி, மதுரையில் 10 டிகிரிதான்; வடக்கே தென்னந்தோப்பு இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

1883-ல் லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி வைத்து, ஓரியன் நெபுலாவை அரைமணிக்குமேல் தொடர்ந்து படம் பிடித்தார். கண்ணுக்குப் புலப்படாத நட்சத்திரங்களும் தகட்டில் பதிந்தன. அவருக்குத் தொழில் வான சாஸ்திரமல்ல, சுகாதாரப் பொறியியல்! மறுவருஷமே ராயல் வானவியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. கண்ணாடி எவ்வளவு பெரிதாயிருந்தும், அது வானத்தோடு கூடவே திரும்பியிராவிட்டால் என்ன பயன்?

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். வேண்டியதில்லை. பழைய காமிராவும், ஆடாத முக்காலியும், 50 மில்லிமீட்டர் லென்ஸும் போதும். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் 10 விநாடி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கோடு தெரிந்தால் இன்னும் குறையுங்கள். கை படாமல் டைமரில் எடுங்கள். அப்படி 60 படங்களைக் கணினியில் ஒன்றன்மேலொன்றாகச் சேர்த்தால், 25 லட்சம் ஒளியாண்டுத் தூரத்து ஆண்ட்ரோமீடாவும் புகைபோலத் தெரியும். விளக்கொளி மிகுந்த பட்டணத்தானைவிட இருட்டுள்ள கிராமத்தானுக்கு இதில் வசதி அதிகம்.

சூரியனைப் படம் பிடிப்பவர்கள் மட்டும், அதற்கென்றே செய்த வடிகட்டியை லென்ஸின் முன்புறத்தில் மாட்டிய பிறகே திருப்பவேண்டும். கண்பக்கம் திருகி மாட்டுவதை வாங்காதீர்கள்; அது சூட்டில் வெடிக்கும்.