கற்பவரும் தொழிலாளியே

2023ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4.80 லட்சம் விபத்துகள் நிகழ்ந்தன, 1.72 லட்சம் பேர் உயிரிழந்தனர். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. விபத்துகளில் நொறுங்கும் வாகனங்களில் பெரும்பகுதி மீண்டும் சாலைக்கே வருகிறது. வளைந்த சட்டத்தை நிமிர்த்தி, கிழிந்த தகட்டை வெட்டி ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, வண்ணம் அடித்து அவற்றை மீட்டெடுப்பவர்கள் டிங்கரிங், பெயிண்டிங் தொழிலாளர்கள். வட இந்தியாவில் இதே தொழிலுக்கு ‘டெண்டிங்-பெயிண்டிங்’ என்று பெயர். இவர்கள் சரியாக வேலை செய்தால் அடுத்த விபத்தில் ஓர் உயிர் தப்பும்; தவறாகச் செய்தால் பறிபோகும். இத்தனை பொறுப்பு மிக்க தொழிலை நாட்டின் இளைஞர்கள் எங்கே, யாரிடம், எந்த நிபந்தனையில் கற்கிறார்கள் என்ற கேள்வியை ஆட்சியாளர்கள் எழுப்புவதே இல்லை.

பட்டறையே பள்ளி

தில்லி கரோல் பாக், கொல்கத்தா மல்லிக் பஜார், விஜயவாடா ஆட்டோநகர் என நாடெங்கும் உள்ள வாகனப் பட்டறைகள்தான் இத்தொழிலின் உண்மையான பயிற்சிக்கூடங்கள். படிப்பைப் பாதியில் நிறுத்திய சிறுவன் ‘சோட்டு’ என்ற பெயரில் உள்ளே வருகிறான். முதல் ஓரிரு ஆண்டுகள் தேநீர் வாங்கி வருவதும், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும், உப்புத்தாள் கொண்டு பட்டியைத் தேய்ப்பதும்தான் அவனது பாடம். பிறகு உஸ்தாத் அவன் கையில் சுத்தியலைக் கொடுக்கிறார். தகட்டின் மீது உள்ளங்கையை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை உணரும் திறன் அவனுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அவனுக்குக் கிடைப்பது சாப்பாடும் கைச்செலவுக்கான சில்லறையும் மட்டுமே.

இப்படி உருவாகும் திறன் போலியானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு எழுத்தில் எந்தச் சாட்சியும் இல்லை. இருபது ஆண்டுகள் உழைத்த டிங்கரும் அரசின் ஏடுகளில் திறனற்ற தொழிலாளியாகவே இருக்கிறார். பட்டறை மாறினால் கூலிப் பேச்சு முதலிலிருந்து தொடங்குகிறது. இவர்களில் தலித்துகளும் பிற்படுத்தப்பட்டோரும் முஸ்லிம்களும் பெருமளவில் உள்ளனர். முஸ்லிம் உழைப்பாளர்கள் பாதுகாப்பற்ற சுயதொழில்களிலும் அமைப்புசாராத் தொழில்களிலும் குவிந்திருப்பதை 2006ஆம் ஆண்டிலேயே சச்சார் குழு சுட்டிக்காட்டியது. முறையான கல்வியின் கதவுகள் யாருக்கு அடைக்கப்பட்டனவோ, அவர்களுக்குப் பட்டறையின் கதவு மட்டுமே திறந்திருக்கிறது.

வாகனம் மாறிவிட்டது

பட்டறையில் கற்ற பழைய கைத்திறன் மட்டும் இன்று போதவில்லை. இன்றைய கார்களின் கட்டமைப்பில் உயர்வலிமை எஃகும் அலுமினியமும் இடம்பெறுகின்றன. பழைய வழக்கப்படி எரிவாயுத் தீயால் சூடாக்கி நிமிர்த்தினால் உயர்வலிமை எஃகு தன் வலிமையை இழக்கும். வெளிப்பார்வைக்கு வண்டி புதிதாக மின்னும். அடுத்த மோதலில் பயணியைக் காக்க வேண்டிய தூண் மடங்கிவிடும். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா பொருத்தப்பட்ட கார்களில், கண்ணாடியை மாற்றிய பின் கேமராவின் பார்வைக்கோணத்தைக் கருவி கொண்டு மீண்டும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. மின்சாரக் கார்களில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் பாய்கிறது. அதைத் துண்டிக்கும் முறை அறியாமல் கை வைப்பவர் உயிரோடு திரும்புவது உறுதியில்லை. ஆக, பழைய கைத்திறனோடு புதிய அறிவும் தேவை. அதை வழங்குவது யார் பொறுப்பு?

சான்றிதழ் உற்பத்தி

2015 ஜூலை 15 அன்று மோடி அரசு ‘திறன் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கியது. 2022க்குள் 40 கோடி பேருக்குப் பயிற்சி என்பது அன்றைய முழக்கம். பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ்ப் பயிற்சி மையங்கள் பெரும்பாலும் தனியாரிடம் விடப்பட்டன. தரத்தை வகுக்கும் பொறுப்பு முதலாளிகள் செல்வாக்குச் செலுத்தும் துறைத் திறன் மன்றங்களிடம் சென்றது. அந்த மன்றங்களில் நிலவும் நலன் முரண்பாட்டையும், எண்ணிக்கையைத் துரத்தும் போக்கையும் 2016ஆம் ஆண்டில் அரசே அமைத்த சாரதா பிரசாத் குழு கடுமையாக விமர்சித்தது. அரசு திருந்தவில்லை.

விளைவு என்ன? 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதை அம்பலப்படுத்தியது. பதிவேட்டில் உள்ள பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரத்துக்கான இடம் வெற்றாகவோ, பூஜ்யங்களாலும் பயனற்ற குறிகளாலும் நிரப்பப்பட்டோ இருந்தது. பயிற்சி பெற்றவர் யார், அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க இயலாத பதிவேடு அது. அனுபவத் தொழிலாளர்களின் முன்னறிவை அங்கீகரிக்கும் பிரிவும் இதே திட்டத்தில் உண்டு. சில மணி நேர அறிமுக வகுப்பு, ஒரு மதிப்பீடு, ஒரு சான்றிதழ் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் கூலியை உயர்த்த வேண்டும் என்று எந்த முதலாளிக்கும் கட்டாயமில்லை.

பட்டறையில் திறன் இருக்கிறது, சான்று இல்லை. திட்டத்தில் சான்று இருக்கிறது, திறனுக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டிலும் இல்லாத ஒன்று கூலிக்கான உரிமை.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்த இடைவெளியை நிரப்பியிருக்க முடியும். வாகன உடல்பகுதி பழுதுபார்ப்பு, வாகன வண்ணப்பூச்சு ஆகிய இரண்டும் ஐடிஐகளில் ஓராண்டுப் படிப்புகளாக அங்கீகரிக்கப்பட்டுள்ளன. ஆனால் நாட்டில் உள்ள சுமார் 15,000 ஐடிஐகளில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானவை தனியார் கையில் உள்ளன. சட்டம் நிமிர்த்தும் மேடை, அளவிடும் கருவி, வண்ணம் அடிக்கும் மூடிய அறை ஆகியவற்றை வாங்கப் பெருமுதலீடு தேவை. லாபத்துக்காக நடத்தப்படும் நிலையம் கரும்பலகையும் நாற்காலியும் போதுமான படிப்புகளையே விரும்பும். 2025ஆம் ஆண்டில் ஒப்புதல் தரப்பட்ட ‘பிஎம் சேது’ திட்டம் 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய் ஒதுக்குகிறது. இதில் 50,000 கோடி ஒன்றிய, மாநில அரசுகளின் பணம். தொழில்துறையின் பங்கு 10,000 கோடி மட்டுமே. நிர்வாகமோ தொழில்துறை தலைமையிலான சிறப்பு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஆறில் ஒரு பங்கு போடுபவருக்கு அதிகாரம், ஐந்து பங்கு போடும் மக்களுக்குக் கட்டணச் சீட்டு என்பதே இதன் பொருள்.

பழகுநர் என்னும் மலிவு உழைப்பு

படிப்பை முடித்த இளைஞர் அடுத்துச் செல்வது பெரிய பணிமனைகளில் தொழிற்பழகுநராக. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆவது பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் என்று கூறுகிறது. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. 2014இல் மோடி அரசு கொண்டுவந்த திருத்தம், சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத்தண்டனையை நீக்கி அபராதத்தோடு நிறுத்தியது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். அன்று நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச உதவித்தொகை, கல்வித்தகுதிக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. இதிலும் ஒரு பகுதியைப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் வழியே அரசு ஏற்றுக்கொள்கிறது.

அதாவது, 2019ஆம் ஆண்டு விதிகளின்படி ஐடிஐ சான்றிதழ் பெற்ற இளைஞரை 7,000 ரூபாயில் முழுநேரம் வேலை வாங்க முடிந்தது. பயிற்சிக் காலம் முடிந்ததும் அவருக்கு வேலை தரும் கட்டாயம் இல்லை. அடுத்த தொகுதி வாசலில் காத்திருக்கும். மானேசர் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை வாகன உற்பத்தி ஆலைகளில் பழகுநர், பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பல பெயர்களில் நிரந்தர வேலைகள் கரைக்கப்பட்டதைத் தொழிற்சங்க இயக்கம் நேரில் கண்டிருக்கிறது. அதே முறை விற்பனை முகவர்களின் பணிமனைகளுக்கும் பரவுகிறது.

கற்றுக்கொண்டிருப்பவருக்கு ஏன் முழுக் கூலி என்று முதலாளிகள் கேட்கிறார்கள். அவர் தேய்த்த கதவுக்கும் ஒட்டிய பம்பருக்கும் வாடிக்கையாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் வாங்கும் கட்டணத்தில் ‘பயிற்சித் தள்ளுபடி’ எதுவும் தரப்படுவதில்லையே! விற்கப்படும் உழைப்பு முழு விலைக்கு விற்கப்படுகிறது; வாங்கப்படும் உழைப்பு மட்டும் கால் விலைக்கு வாங்கப்படுகிறது.

நுரையீரலுக்கு யார் பொறுப்பு?

இத்தொழிலில் கற்றல் உடலைத் தின்னும். இரு கூறுகளாகக் கலக்கப்படும் நவீன வண்ணப்பூச்சுகளின் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது. தொழில்சார் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலுக்குப் போதும். அந்தத் தொழிலாளி தொழிலையே விட வேண்டியதுதான். முகத்தில் கட்டும் கைக்குட்டை இதைத் தடுக்காது. சுத்தமான காற்று குழாய் வழியே வரும் முகக்கவசமும், காற்றை வெளியேற்றும் மூடிய அறையும் தேவை. தெருவோரப் பட்டறையில் இரண்டும் கிடையாது.

பழுதுபார்ப்பும் உற்பத்தி நடவடிக்கையே என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வரையறுத்தது. எனவே மின்சக்தியுடன் 10 பேர் பணிபுரியும் பணிமனையும் அதன் வரம்புக்குள் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொகுப்புச் சட்டம் இந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்திவிட்டது. ஆய்வாளர் ‘ஆய்வாளர் மற்றும் உதவியாளர்’ ஆகிவிட்டார். இடைநிலைப் பணிமனைகள் தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்தே வெளியேற்றப்பட்டுள்ளன. அங்கே கற்க வரும் இளைஞரும் அவற்றோடு வெளியேற்றப்படுகிறார்.

அறிவுக்குப் போடப்பட்ட பூட்டு

சிறு பட்டறை உரிமையாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியாகாது. அவரும் பல இடங்களில் சுத்தியல் பிடிக்கும் உழைப்பாளியே. காப்பீட்டு நிறுவனங்களின் ரொக்கமில்லாப் பழுதுபார்ப்பு ஏற்பாடுகள் வேலையைப் பெரிய பணிமனைகளுக்கே திருப்பிவிடுகின்றன. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் சுயேச்சையான பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பழுதுபார்க்கும் முறையே வணிக ரகசியமாகும்போது, உஸ்தாதிடம் கற்பிக்கப் புதிதாக எதுவும் இருக்காது. கார் நிறுவனத்தின் வாசலில் மலிவுக் கூலிப் பழகுநராக நிற்பதைத் தவிர இளைஞருக்கு வேறு வழியும் இருக்காது. அறிவின் மீதான ஏகபோகமும் மலிவு உழைப்பும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

கற்பவரும் தொழிலாளியே என்பதுதான் இப்பிரச்சனையில் இடதுசாரிகளின் அடிப்படை நிலைபாடாக இருக்க முடியும். பழகுநர் சட்டத்தின் 18ஆவது பிரிவு நீக்கப்பட வேண்டும். செய்யும் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியும், சங்கம் சேரும் உரிமையும், காலியிடங்களில் முன்னுரிமையும் பழகுநர்களுக்குச் சட்டப்படி வழங்கப்பட வேண்டும்.

ஐடிஐகளின் நிர்வாகம் அரசிடமே நீடிக்க வேண்டும். பட்டறைகள் அடர்ந்த நகரங்களில் உடல்பகுதி பழுதுபார்ப்பு, வண்ணப்பூச்சுப் படிப்புகளை நவீன கருவிகளோடும் நிரந்தர ஆசிரியர்களோடும் தொடங்க வேண்டும். வேலையிலிருக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி இழப்பீட்டோடு கூடிய குறுகியகாலப் பயிற்சி அங்கே தரப்பட வேண்டும். அனுபவத் தொழிலாளியின் திறன் உண்மையான செய்முறைத் தேர்வின் மூலம் இலவசமாக மதிப்பிடப்பட வேண்டும். அந்தச் சான்றிதழ் பெற்றவருக்குத் திறன்மிகு தொழிலாளியின் கூலி கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு முன்மாதிரி இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டுமானச் செலவின் மீது வரி வசூலித்துக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்கள் நடத்தப்பட்டன. அதேபோல் கார் உற்பத்தியாளர்களிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஒரு சிறு வரி வசூலித்தால், சிறு பட்டறைகளில் கற்போரின் கூலிக்கும், பட்டறைகள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது வண்ணப்பூச்சு அறைகளுக்கும், மருத்துவப் பரிசோதனைக்கும் வழி பிறக்கும். பழுதுபார்ப்புத் தகவல்களை அனைத்துப் பட்டறைகளுக்கும் திறந்துவிடச் சட்டம் வேண்டும்.

இக்கோரிக்கைகள் தாமாக நிறைவேறிவிடா. ஆலைவாயில்களில் வேரூன்றிய தொழிற்சங்கங்களும் வாலிபர் அமைப்புகளும் பட்டறைத் தெருக்களுக்குள் நுழைய வேண்டும். பழகுநர் சங்கத்தில் சேர முடியாது என்று சட்டத்தைக் காட்டி ஒதுங்குவதை விட, அவரை உறுப்பினராக ஏற்று அந்தச் சட்டத்தையே எதிர்த்து நிற்பதுதான் வர்க்க அமைப்பின் கடமை. ஐடிஐ மாணவர், பணிமனைப் பழகுநர், பட்டறைச் சோட்டு, அனுபவ உஸ்தாத் ஆகிய நால்வரையும் நான்கு தனிப் பிரிவுகளாக அரசு பார்க்கிறது. நால்வரும் ஒரே தொழிலாளியின் நான்கு பருவங்கள் என்று பார்க்கும் சங்கம்தான் அவர்களை ஒன்றுதிரட்ட முடியும்.