அவைக்கு ஒரே மொழியா?
குரூசேடர் கிங்ஸ் நான்காம் பாகம் பற்றி ஊகித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! வரைபடம் எவ்வளவு விரியும், விளையாட்டு எந்த ஆண்டில் தொடங்கும் என்பவை மட்டுந்தாமா உங்கள் கேள்விகள்?

2020இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் சோழரும் உண்டு. 2022இன் விரிவாக்கம் அரசவை மொழியைச் சேர்த்தது. அரசன் பல மொழி கற்கலாம். அவைக்கோ ஒரே மொழி.

முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாருங்கள்: குலப்புகழ் வடமொழியில், கொடை விவரம் தமிழில். ஓர் ஆவணம், இரு மொழி, இரு பணி. சோழர் செப்பேடுகளில் இது விதிவிலக்கும் அன்று.

ஒரு நாட்டுக்கு ஒரு மொழி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தேசியவாதம் வளர்த்த கருத்து. அதைப் பதினோராம் நூற்றாண்டின் தலையில் கட்டினால், இன்று அதையே நம்மீது திணிப்போருக்குப் பொய்யான பழமை கிடைத்துவிடும். ஆகவே பெரிய வரைபடம் பிறகு வரட்டும். முதலில் அவையில் இரண்டாம் மொழிக்கு இடம் கேளுங்கள்.