பாட்டிலுக்குப் 10 பைசா!

'திமிரு' (2006) படத்தில் விஷாலோடு மோதுவாரே ஒரு வில்லன், ஞாபகம் இருக்கா? ஐ.எம்.விஜயன். நிஜத்தில் இந்தியக் கால்பந்து டீமுக்கே கேப்டனாக இருந்தவர் சார்!

1969-ல் திருச்சூரில் பிறந்தவர். வறுமையான குடும்பம். சின்ன வயசில் எனக்கெல்லாம் கலர் வாங்கிக் குடிப்பதுதான் லட்சியம். அந்த வயசில் விஜயன், திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்தார். பாட்டிலுக்குப் 10 பைசா வருமானம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பந்து கோல் பக்கம் பறக்கிற நேரம் பார்த்து, "தம்பி, இங்கே ஒரு சோடா!" என்று கேலரியிலிருந்து ஒரு புண்ணியவான் கூப்பிடுவார். பையன் கோலைப் பார்ப்பானா, காசைப் பார்ப்பானா? வீட்டில் உலை கொதிக்கணுமே! (ஸ்கோர் கேட்கும்போது மேனேஜர் கூப்பிட்டாலே நமக்கு எப்படிப் பொத்துக்கிட்டு வருது!)

17 வயசில் கேரள போலீஸ் டீம் அவரை எடுத்துக்கொண்டது. அப்புறம் 1993, 97, 99 என்று மூணு தடவை நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். 2025-ல் பத்மஸ்ரீ.

அதெல்லாம் இருக்கட்டும். 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக ஒரு கோல் போட்டார் பாருங்கள்... ஆட்டம் ஆரம்பித்து 12-வது செகண்டில்!

ஒரு சோடா உடைக்கிற நேரம்தான்.