ஒலி ஒளி நுட்பப் பட்டம் தமிழில் அமைக!

ஓர் இனத்தின் குரலைப் பதிவு செய்வதும் அதன் முகத்தைப் படமாக்குவதும் இக்காலத்தில் அவ்வினத்தின் வரலாற்றை எழுதுவதற்கு ஒப்பான வினைகள். ஏடெழுதிய கை தமிழறிந்த கையாக இருந்தமையாலன்றோ தமிழிலக்கியம் நமக்குத் தமிழாகவே வந்து சேர்ந்தது! இன்று ஏட்டின் இடத்தை ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் பெற்றுவிட்டன. அவற்றை இயக்கும் கை தமிழன் கையே. ஆனால் அக்கைக்கு வழிகாட்டும் கல்வி தமிழ்க் கல்வியன்று. இது சிறு குறையன்று. ஓர் இனத்தின் அறிவையே தடுத்து நிறுத்தும் பெருங்குறை.

1931 அக்தோபர் 31-இல் 'காளிதாசு' வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. 1938-இல் சென்னையில் அனைத்திந்திய வானொலி நிலையம் அமைந்தது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. கல்வியும் பிந்திவிடவில்லை. 1945-இல் சென்னை நடுவண் பல்தொழில்நுட்பப் பயிலகத்தின் ஒரு பிரிவாகத் திரைத்தொழிற் கல்வி தோன்றியது. அதன் வழிவந்த தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இன்று இசை, கவின்கலைப் பல்கலைக்கழக இணைப்பில் ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு முதலிய பிரிவுகளில் நான்காண்டுப் பட்டம் வழங்குகிறது. கலை அறிவியற் கல்லூரிகள் பலவும் காட்சித் தொடர்பியலில் இளநிலைப் பட்டம் தருகின்றன. கட்டடங்கள் உள, கருவிகள் உள, பட்டங்களும் உள. ஆயினும் பாடத்திட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வகுக்கப்படுகிறது. பாடநூல் அயல்நாட்டிலிருந்து வருகிறது. தமிழ் வகுப்பறையின் பேச்சு விளக்கத்தோடு நின்றுவிடுகிறது.

இதனால் இழப்பவர் யாவர்? பறையின் தோலைத் தீயிற் காய்ச்சி, விறைப்பேற ஏற ஒலி உயர்வதைக் காதாற் கண்டறிந்தவன் ஒரு சிற்றூர் இளைஞன். இழுவிசை கூடினால் அலைவெண் கூடும் என்னும் இயற்பியல் உண்மை அவன் விரல் நுனியில் இருக்கிறது. அதே உண்மையை ஆங்கில வாய்பாடாகக் கேட்டவுடன் அவன் தன்னை அறிவிலி என்றெண்ணித் தலை குனிகிறான். அறிந்தவனை அறியாதவன் ஆக்கும் கல்வியைக் கல்வி என்று எவ்வாறு சொல்வது?

"ஆங்கில நூலை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டாற் போதாதா?" எனச் சிலர் வினவுவர். போதாது. பட்டத்தை வகுக்கும்போதே தமிழில் எண்ணி வகுத்தல் வேண்டும். இதற்குச் சான்றுகள் மூன்று.

முதலாவது, மின்விளக்கு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. அமெரிக்க மின்னோட்டம் 60 முறை அலைவது. எனவே நம் விளக்குகளிற் பல நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு படமும் ஒளிவாங்கும் காலம் ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்காக இருப்பின் குறையில்லை. அமெரிக்க நூல் பொதுவாகச் சொல்லும் 48-இல் ஒரு பங்காயின் சிலவகை விளக்குகளின் கீழ்ப் படம் துடிக்கும். ஆதலின் கருவியின் மூடித்திறப்பு 180 பாகையை விட்டு 172.8 பாகைக்கு மாற்றப்படுகிறது. சொல்லை மட்டும் தமிழாக்கிய நூல் அமெரிக்க விளக்கையே நம் மாணவனுக்குக் கற்பிக்கும்.

இரண்டாவது, மாந்தரின் நிறம். வண்ணப் படங்களை அச்சிடுவோர்க்கு அளவுகோலாகக் கோடாக் நிறுவனம் பல்லாண்டு வழங்கிய 'செர்லி' அட்டைகளில் இருந்தவர் வெள்ளை நிறப் பெண்டிரே. அந்நிறத்தையே நேர்நிறமாகக் கொண்ட முறையில் கருநிற முகங்கள் விளக்கமிழந்தன. தமிழர் முகத்தின் கருமையைக் குறையெனக் கருதி ஒளியைக் கொட்டி மறைப்பதற்கும், அதன் அழகை உள்ளவாறு காட்டுவதற்கும் இடையே இருப்பது கல்வியின் வேறுபாடேயாகும்.

மூன்றாவது, தமிழ் ஒலி. 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு, நா மேலண்ணத்தை அடைத்து நிற்கும் மிகச்சிறு அமைதியில் அடங்கியுள்ளது. இரட்டித்த வல்லினம் தமிழில் பொருளையே மாற்றுவது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லினுள் இத்தகைய இரட்டிப்புப் பொருளை மாற்றுவதில்லை. அம்மொழிப் பேச்சுக்கென ஏற்பட்ட பழக்கத்தால் அமைதியை வெட்டித் தொகுப்பவன், அறியாமலே தமிழ்ச்சொல்லைக் கொன்றுவிடுகிறான். லகர ளகர ழகரங்களும், நகர ணகர னகரங்களும் ஒலிவாங்கியில் எவ்வாறு விழுகின்றன என்பதை எந்த அயல்நாட்டு நூல் கற்பிக்கும்?

இக்கல்விக்கு வேண்டிய வேர் நம்மிடம் உண்டு. மூச்சுக்காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு எனும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றாற் பல்வேறு எழுத்தாகப் பிறத்தலைத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கைச் சொல்வதோடு, தூணின் நிழல் அரங்கில் விழாவண்ணம் விளக்கு வைத்தலையும் சொல்கிறது. ஒளியமைப்பின் முதற்பாடம் அதுவேயன்றோ! திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி.வி. இராமன் 1920-இலும் 1934-இலும் வெளியிட்ட ஆய்வுகள், மத்தள இனத்ததாகிய மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கரும்பூச்சே அதன் மேலொலிகளை முழுவெண் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்று நிறுவின. வெறுந்தோலில் இவ்வொழுங்கு அமைவதில்லை. பழம்பெருமை பேசிக் காலங்கழிப்பதற்காக இவை கூறப்படவில்லை. முதலாண்டுப் பாடத்தைத் தொடங்குதற்குரிய இடம் இதுவென்று காட்டுதற்கே கூறப்படுகின்றன.

அப்பட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலாண்டில் ஒலியியல், ஒளியியல், மின்னியல், கணக்கு ஆகியவற்றோடு தமிழ் ஒலிப்பியலும் கட்டாயப் பாடமாதல் வேண்டும். மாந்தர் செவி நொடிக்கு 20 முதல் 20,000 அலைவு வரை கேட்கும். எனவே ஒலியை எண்களாக மாற்றுங்கால் அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்தெடுக்க வேண்டும். அதனாலேயே ஒலிவட்டில் நொடிக்கு 44,100 முறையும் திரைப்பட ஒலியில் 48,000 முறையும் அளக்கப்படுகிறது. இதனை விளக்கத் தமிழில் எச்சொல் குறைகிறது? இரண்டாமாண்டில் பதிவு, ஒளியமைப்பு, படத்தொகுப்பு, கூடங்களின் எதிர்முழக்கம் ஆகியவை இடம்பெறுதல் வேண்டும். வெற்றுச் சுவர் சூழ்ந்த நம் திருமண மன்றங்களில் ஒலிபெருக்கியின் பேச்சு ஏன் குழம்புகிறது என்பதை மாணவர் நேரிற் சென்று அளந்தறிதல் வேண்டும். மூன்றாமாண்டில் கூத்து, பறை, நாகசுரம், தாலாட்டு, ஒப்பாரி, வட்டாரப் பேச்சு ஆகியவற்றை ஊரூராகச் சென்று பதிந்து காப்பகத்திற்கு அளித்தலே பட்டத்திற்குரிய ஆய்வாதல் வேண்டும். பயிலும் காலத்திற் பாதி பணிக்கூடத்திற் கழிதல் வேண்டும். பட்டம் பெறாத தேர்ந்த தொழிலாளரும் ஆசிரியராக அமர்த்தப்படல் வேண்டும். நுழைவிற்கு ஆங்கிலத் தேர்வு வைத்தல் கூடாது.

"கலைச்சொல் இல்லை" என்பது பழைய சாக்கு. வானொலி, ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, படத்தொகுப்பு, காணொளி என்பன வந்தபின் யாருடைய வேலை நின்றுபோயிற்று? 1960-களிலும் 1970-களிலும் கல்லூரிப் பாடநூல்கள் பலநூறு தமிழில் வெளிவந்தன. அன்று இயன்றது இன்று இயலாதா?

"வேலை கிடைக்குமா?" என்பது மற்றொரு வினா, அது பெற்றோரின் உண்மையான அச்சம். அதனை எள்ளுதல் தகாது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டட, எந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கிற்று. 2023 மே திங்களில் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்துப் பின்னர் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கல்வியைத் தமிழிலும் வேலையை ஆங்கிலத்திலும் வைத்தால் தமிழ்வழி தளர்வது இயல்பே. ஆனால் ஒலி ஒளித் துறையின் நிலை வேறு. இங்கே ஆக்கப்படும் பொருளே தமிழ். நடிப்பவர், பேசுபவர், விளக்கேந்துபவர், கேட்பவர், காண்பவர் அனைவரும் தமிழர். தமிழ்வழித் தொழிற்கல்வி எத்துறையிலேனும் முதலில் வெல்லுமாயின் இத்துறையிலேதான் வெல்லும். பிறநாடு செல்ல விழைவோர்க்கு ஆங்கிலம் ஒரு மொழிப்பாடமாக இருக்கட்டும். கருவிகளின் ஆங்கிலப் பெயர்களையும் அவர்கள் அறியட்டும். காந்த நாடாவில் ஒலியைப் பதியும் 'மேக்னட்டோபோன்' கருவியை 1935-இல் பெர்லின் கண்காட்சியில் வைத்த செருமானியர் தம் மொழியிலேயே கற்று ஆக்கினர். அதனை உலகம் வாங்காமல் விட்டதா?

அரசு செய்ய வேண்டுவது மிகுதியன்று. பாடத்திட்டக் குழுவில் தமிழ் ஒலியியலறிஞரும் தொழிலாளரும் அமர்தல் வேண்டும். நூலெழுதப் பொருள் ஒதுக்கல் வேண்டும். ஓர் அரசுக் கல்லூரியிலேனும் இப்பட்டம் முழுதும் தமிழில் தொடங்குதல் வேண்டும். திரையிலும் மேடையிலும் தமிழ் தமிழ் என்று முழங்குவோர், அம்முழக்கத்தைப் பதியும் கல்வியும் தமிழிலே அமையுமாறு செய்வாராக. தன் குரலைத் தன் மொழியாற் பதியக் கல்லாத இனம், பிறர் பதிந்து தருவதையே தன் குரலென்று நம்பி வாழ நேரும்!